மைக் கடை அய்யே

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது சொல் சிக்கினால் நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். நாம் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பார். பிறகு அந்த வசனத்தை முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்குவார். இரண்டாம் முறை குறுக்கே விழுந்தால் மூன்றாம் முறையும் முதலிலிருந்துதான். கோபப்பட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். அவருடைய வசனத்தை அவரே முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது தெரியாமல்தான் முதல் நாள் அவருடைய கடைக்குப் போனேன்.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒரு தையல் கடைக்கும் ஃபிரிட்ஜ் திருத்துகிற இடத்துக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் இருந்தது அது. மைக், ஸ்பீக்கர், சுருட்டித் தொங்கவிட்ட வயர்கள், மூலையில் ஒரு பழைய கீபோட். வருகிறவர்கள் தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, எல்லோரும் அவரை ‘அய்யே’ என்றுதான் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் அண்ணன். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரைவிட நான் மூன்று வயது மூத்தவள் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் பழகிவிட்டது.

“கண்டென்சர் மைக் ஒண்டு வேணும்,” என்றேன். யூடியூபில் பார்த்து வைத்திருந்தேன். பொன்னிறம், பெரிய வலைத்தலை, முன்னால் வட்டமாக ஒரு துணித்திரை.

அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தாடை இறுகி நின்றது.

“ஸ்டாக் இல்லையோ?” என்றேன்.

வாயை மூடினார். ஒரு மூச்சு எடுத்தார். மறுபடி திறந்தார். “எ… எ…”

“எந்தக் கொம்பனியோ? எதெண்டாலும் பரவாயில்லை.”

அவர் விரலை உயர்த்தினார், பஸ்ஸை நிறுத்துவதுபோல அல்ல, ஒரு நிமிடம் என்பதுபோல. நான் அடங்கினேன். கடைக்கு வெளியே ஒரு ஓட்டோ திரும்பி, மாட்டிக்கொண்டு, பின்னால் போய், மறுபடி திரும்பிப் போனது. அதன் பிறகு அவர் சொன்னார்:

“எ… எங்க வச்சு ரெக்கோர்ட் பண்ணப் போறீங்க, மிஸ்?”

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் அவ்வளவு நேரமும் போராடியிருக்கிறார். நான் எதிர்பார்த்த கேள்விகளில் அது இருக்கவில்லை.

என் கதையைச் சொன்னேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு டிராவல்ஸ் கம்பனியில் பதினெட்டு வருடம் டிக்கெட் போட்டவள். கொரோனாவில் கம்பனி கதவைச் சாத்தியது. முன்பு கூட வேலை செய்த ஒருத்தி விளம்பரக் கம்பனி ஒன்றில் இருந்தாள். தமிழ்க் குரல் தேவைப்பட்டபோது என்னைக் கூப்பிட்டாள். போன் எடுத்தால், தமிழுக்கு இரண்டை அழுத்தவும் என்று சொல்லும் குரல். அப்படி நாலைந்து செய்தேன். பிறகு அவள் மூலமாகவே ஒரு பெரிய வேலை வந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று, தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேடியது. மாதக் கணக்கில் வேலை. வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பலாம். ஆனால் மூன்று மாதிரிகள் அனுப்ப வேண்டும், மூன்றில் ஒன்றாவது அவர்களுடைய தரத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள். வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்கு அந்த வேலை வேண்டும்.

“வீடு எங்க?”

“வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கம்.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அந்த ஆட்டலில் ரயில், கடல், காகம், காலி வீதியின் பஸ்கள் எல்லாம் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவர் தெரியாமல் மெத்தைகள் சாத்தியிருந்தார். இரண்டு மைக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நான் கேட்ட பொன்னிறம். மற்றது கறுப்பு, ஐஸ்கிரீம் கோன் போல, கல்யாண வீட்டில் அறிவிப்பாளர் கையில் இருக்கும் சாதாரண உருவம். எனக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, “கதைங்க,” என்றார்.

“ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்…”

அவர் அசையவில்லை.

விளம்பரக் குரலில் நாலு வரி சொன்னேன். அவர் காத்திருந்தார். செய்தி வாசிப்பதுபோலச் செய்தேன். காத்திருந்தார். கதை வாசிப்பதுபோல ஏற்றி இறக்கிச் செய்தேன். அதற்கும் காத்திருந்தார். கடைசியில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. வரும்போது புறக்கோட்டையில் பஸ் மாறியதை, கண்டக்டர் மிச்சத்துக்குப் பதில் டொஃபி தர முயன்றதை, முழங்கால் வலியோடு அம்மா மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்குவதை, லிஃப்ட் திருத்தப் போவதாகச் சொல்லியே ஒரு வருடம் கடத்தும் சங்கத் தலைவரைப் பற்றியெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அவர் கையைத் தூக்கினார். “இ… இப்ப.”

“என்ன இப்ப?”

“இதுதான் உங்கட வொய்ஸ். இதுக்குத்தான் மைக் எடுக்கணும். முந்தி வந்ததெல்லாம் வே… வேற யாரோ.”

கால் மணித்தியாலம் காத்திருந்திருக்கிறார் என் குரல் வரும் வரை. பிறகு அதையே இரண்டு மைக்கிலும் போட்டுக் காட்டினார். பொன்னிறத்தில் என் குரல் கழுவித் துடைத்த கண்ணாடிபோல இருந்தது. உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. கறுப்பில் கொஞ்சம் மங்கல், கொஞ்சம் தடிப்பு.

“பொன்னிறம்தான்,” என்றேன்.

“கடையில எல்லாமே நல்லாத்தான் கேக்கும், மிஸ். இது ரூமில இருக்கிற எல்லாத்தையும் கேக்கும். கறுப்பு, கி… கிட்ட வந்து கதைக்கிற ஆள மட்டும்தான் கேக்கும். உங்கட வீட்டுக்குக் கறுப்புதான் சரி.”

நான் பிடிவாதமாக நின்றேன். விலை குறைந்ததைத் தலையில் கட்டுகிறாரே, என்னைப் பார்த்தால் வசதி இல்லாதவள்போலத் தெரிகிறதோ என்ற வீம்பு வேறு. அவர் பொன்னிறத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டே, “வச்சுப் பாருங்க. சரிவராட்டி கொண்டு வாங்க,” என்றார்.

சரிவரவில்லை. வீட்டில் அந்த மைக்கைத் திறந்த முதல் நாள்தான் எங்கள் வீடு எவ்வளவு சத்தமானது என்பது எனக்குத் தெரிந்தது. ஹெட்போனில் ரயில் வந்தது, போன பிறகும் தண்டவாளம் அதிர்ந்துகொண்டிருந்தது. பாண், பணிஸ் விற்கிற ஓட்டோவின் பாட்டு வந்தது. மேல்மாடியில் யாரோ கதிரையை இழுத்தார்கள். அம்மா குசினியில் தேங்காய் துருவினார். இதற்கெல்லாம் அடியில் கடல், நிறுத்தாமல், ஒரு பெரிய ஃபேன்போல. முதல் மாதிரியை அனுப்பினேன், திரும்பி வந்தது. யன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வடிந்து இரண்டாவதை அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. பின்னணி இரைச்சல் என்று ஒரு வரி.

மைக்கைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் ஒரு பார்வை பார்த்திருந்தாலும் எனக்கு அழுகை வந்திருக்கும். பெட்டியை வாங்கி வைத்தார். “ஞாயிறு பூசை முடிஞ்சு வா… வாறேன்,” என்றார். “வீட்டைக் கேக்கணும்.”

சொன்னபடி வந்தார். தோளில் ஒரு பை, அதில் துவாயில் சுற்றிய கறுப்பு மைக். அம்மா அவருக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டு விசாரிக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் தபால் கந்தோரில் கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு எதிரில் நிற்பவர் முடிக்கும் வரை பொறுக்கிற பழக்கம் கிடையாது.

“தம்பிக்குச் சொந்த இடம் எது?”

“நா… நாங்க கொட்…”

“கொட்டாஞ்சேனையோ? சரி, சரி. அப்பா என்ன செய்தவர்?”

அவர் பொறுத்திருந்தார். பிறகு, “நா… நாங்க கொட்டாஞ்சேனைதான்,” என்று முதலில் இருந்து முடித்தார். “அப்பா ஹா… ஹா…”

“ஹார்பரோ?”

“அப்பா ஹா…”

“அம்மா!” என்றேன். அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அய்யே சிரித்துவிட்டார். தன்னுடைய அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியதையும், தன் அம்மா இரண்டு வருடத்துக்கு முன் காலமானதையும் ஆறுதலாகச் சொல்லி முடித்தார். அம்மா அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் ஒருவர் பேசுவதைக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு அவர் ஒவ்வொரு அறையிலும் போய் நின்றார். என் அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து, “அம்மாட அலுமாரி எங்க?” என்றார்.

அம்மாவின் அலுமாரி, இரட்டைக் கதவு, உள்ளே அறுபது எழுபது சேலைகள். இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார். அதன் முன்னால் ஒரு ஸ்டூல். கறுப்பு மைக்கை ஸ்டாண்டில் பூட்டி, அதன் பின்புறம் கடலைப் பார்க்கும்படி திருப்பினார். என் முதுகுப்பக்கம் கொடிக்கயிறு கட்டிப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டார். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் தன் நாலு விரலை வைத்து அளந்து காட்டினார்.

“சேலை சத்தத்தைக் குடிச்சிடும். மைக் பின்னுக்கு வாறதைக் கேக்காது. மிச்சம் ரயில் மட்டும்தான்.”

“ரயிலுக்கு என்ன செய்யிறது?”

“போ… போகட்டும். போனபிறகு விட்ட இடத்தில இருந்து பிடிக்காதீங்க. வசனத்தோட தொடக்கத்தில இருந்து வாசிங்க. இல்லாட்டி ஒட்டினது தெரியும்.”

அதைத்தான் இன்றுவரை செய்கிறேன். மூன்றாவது மாதிரி சரிவந்தது. செய்தி வந்த அன்று அம்மா கொழுக்கட்டை அவித்து, அதை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று பஸ் ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு அடிக்கடி அந்தக் கடைக்குப் போகிறவளாகிவிட்டேன். வயர் வாங்க, பழுது பார்க்க, சில நாள் ஒன்றுக்கும் இல்லாமல். அவருடைய மனைவிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தகத்தில் வேலை. பின்னேரம் வேலை முடிந்து வந்து கடையிலேயே உட்கார்ந்திருப்பார். மனைவி வேகமாகப் பேசுகிறவர், மூச்சுவிடாமல் பேசுகிறவர். ஆனால் கணவன் வாயைத் திறந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், சிக்னல் விளக்குச் சிவப்பானதுபோல.

ஒரு நாள் கூட்டம் ஒன்றுக்கு மைக் வாடகைக்கு எடுக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். வெளியே வாகனம் இயங்கிக்கொண்டே நின்றது. அய்யே, எத்தனை பேர் வருவார்கள் என்று சிங்களத்தில் கேட்கத் தொடங்கினார். முதல் சொல்லிலேயே சிக்கியது. “இக்மனட்ட கியன்ன!” என்றார் வந்தவர், கெதியாகச் சொல்லு என்று. இவர் காத்திருந்து மறுபடி தொடங்கினார். அவர் இவருடைய சொல்லை இவரைப்போலவே திக்கிச் சொல்லிக் காட்டித் தன் கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இவர் மூன்றாவது முறை தொடங்கி, எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்தார். அதற்குள் அந்த மனிதர் படியிறங்கிவிட்டார். யாரும் இல்லாத வாசலைப் பார்த்து அந்தக் கேள்வி முடிந்தது.

“விட்டிருக்கலாமே, அய்யே,” என்றேன்.

மேசையைத் துடைத்துக்கொண்டே பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். வாசிப்புப் பாடத்தில் வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும். இவருடைய முறை வரும். எழுந்து நிற்பார். ஆசிரியர், “நீ இரு, அடுத்தவன் வாசி,” என்பார். இரக்கத்தில் சொன்னதுதான். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு பந்தியைக்கூட அவர் சத்தமாக வாசிக்கவில்லை.

“நா… நான் புத்தகத்தோட நிப்பேன், மிஸ். எனக்கு அது முழுக்க மனப்பாடம்.”

அதோடு எனக்கு விளங்கியது.

அடுத்த வருடம் அவர்களுடைய தேவாலயப் பங்கில் ஒரு காரியம் தொடங்கினார்கள். பூசைக்கு வர முடியாத நோயாளிகள், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஞாயிறு விவிலிய வாசகத்தைப் பதிவு செய்து அனுப்புவது. ஒவ்வொரு கிழமையும் ஒருவர் வாசிக்க வேண்டும். மைக்கும் மெத்தை அறையும் கொடுத்தது இவர்தான். பெயர்ப்பட்டியல் போட்டது வேதம் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை. முப்பது பெயர் இருந்தது. இவருடைய பெயர் இல்லை. “அவருக்கு ஏன் வீண் சிரமம்,” என்று அந்த ஆசிரியை சொன்னதாக இவருடைய மனைவி என்னிடம் சொன்னார். அவரும் இரக்கத்தில்தான் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை இவர் வெள்ளவத்தைக்கு வந்தார். கையில் மடித்த தாள்.

“உ… உங்கட அலுமாரிக்கு முன்னால ஒருக்கா வாசிக்கணும்.”

“உங்கட கடையிலயே அறை இருக்குத்தானே?”

“அங்க ஆக்கள் வருவாங்க.”

அம்மாவும் நானும் வெளியே போவதாகச் சொன்னோம். வேண்டாம், நீங்கள் மெஷினைப் பாருங்கள் என்றார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நாலு விரல் அளந்து, வாசித்தார். ஒரு பக்கம்தான் இருக்கும். எனக்கென்றால் மூன்று நிமிடம். அவருக்குப் பதினாறு நிமிடம் எடுத்தது. சில சொற்களின் முன்னால் அவர் நின்ற நேரத்தில் நான் என் விரல் நகங்களை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லில் மூன்று முறை தோற்று, நான்காம் முறை வெளியே வந்தபோது அது புதிதாகச் செய்த சொல்போல இருந்தது. ஒரு ரயில் வந்தது. காத்திருந்தார். வசனத்தின் தொடக்கத்திலிருந்து வாசித்தார். முடித்ததும் சேர்ட் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

அப்படியே வைப்பார் என்று நினைத்தேன். அவருடைய குணம் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்கு.

“வெ… வெட்டுங்க,” என்றார்.

“எதை?”

“திக்கின இடமெல்லாம். எல்லாத்தையும் வெட்டி ஒருக்காப் போடுங்க. எ… எப்பிடி இருக்கும் எண்டு பாக்கணும்.”

மத்தியானம் வரை உட்கார்ந்து வெட்டினேன். அவர் அம்மாவோடு சாப்பிட்டார். ஒட்டி முடித்தபோது நாலு நிமிடமும் கொஞ்சமும் வந்தது. சுத்தமான, ஆழமான ஆண்குரல், தட்டுத்தடங்கலே இல்லை. ஹெட்போனைக் கொடுத்தேன். அவர் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை கேட்கும்போது உதடு அசைந்தது, உள்ளே ஓடுகிற குரலோடு சேர்ந்து, ஒரு இடத்திலும் சிக்காமல். அவர் முகத்தில் துக்கம் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. தூரத்தில் போகிற உறவினரைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு.

“ந… நல்லா வாசிக்கிறான்,” என்றார்.

இரண்டையும் போனில் ஏற்றிக்கொண்டு போனார். பின்னேரம் மனைவி எனக்கு அழைத்தார். “ரெண்டையும் போட்டுக் காட்டினாரு, மிஸ். வெட்டினதைக் கேட்டிட்டு நான் சொன்னேன், என்னங்க, இவ்வளவு கெதியா முடிஞ்சிட்டுதே! இன்னும் கொஞ்சம் இருக்கும் எண்டு கேட்டிட்டு இருந்தேன்.” சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “அவரும் சிரிச்சாரு. பதினாறு நிமிஷத்தைத்தான் சேர்ச்சுக்குக் குடுக்கப் போறாராம்.”

கொடுத்தார். ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தயங்கியிருக்கிறார். அந்தக் கிழமை வேறு யாரும் பதிவு செய்து கொடுத்திருக்கவில்லை. அதையே அனுப்பினார்கள்.

பத்து நாளில் கிராண்ட்பாஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. முன்பு ஹார்பர் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்த ஒரு அம்மா, பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருப்பவர். அந்த வாசகத்தை வாசித்தவரை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். ஏதோ குறை சொல்லப் போகிறார் என்ற பயத்தில் ஆசிரியை என்னையும் துணைக்கு வரச் சொன்னார். இவர், மனைவி, ஆசிரியை, நான் என்று நாலு பேருமாகப் போனோம்.

ஒடுக்கமான வீடு. கட்டில் யன்னலோரத்தில். அந்த அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, பாரம் தூக்கி வைப்பதுபோல வந்தது. மகள் போனை எடுத்து எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். இவருடைய குரல் தொடங்கியது. ஒரு சொல்லில் நின்றது. அந்த இடைவெளியில் கட்டிலிலிருந்து அந்த அம்மா அடுத்த சொல்லைத் தன்பாட்டுக்கு உருட்டி உருட்டி உச்சரித்தார். அவர் முடிக்கவும் போனில் இவர் அதே சொல்லைச் சொல்லவும் சரியாக இருந்தது. வாசகம் முழுவதும் அப்படியே போனது, இரண்டு பேரும் சேர்ந்து.

“அம்மா வாய் திறந்து இவ்வளவு சொல்லுறது இதுக்கு மட்டும்தான்,” என்றாள் மகள். “ஒவ்வொரு நாளும் போடச் சொல்லுவாங்க.”

இவர் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். “உ… உங்களுக்கு அடுத்த கிழமையும் வேணுமா?”

அந்த அம்மா எவ்வளவோ நேரம் எடுத்துப் பதில் சொன்னார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

“வேணும்… மகன். மத்த ஆக்கள்… நல்லாத்தான் வாசிக்கிறாங்க.” மூச்சு வாங்கினார். “ஆனா அவங்களுக்கு எங்க போகணுமாம்… அவ்வளவு அவசரம்?”

ஆசிரியை முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரும் சிரித்தார். பையிலிருந்து பட்டியலை எடுத்து, அந்த வீட்டு மேசையிலேயே வைத்து, அடுத்த ஞாயிறுக்கு நேரே இவருடைய பெயரை எழுதினார். அதற்கடுத்த ஞாயிறுக்கு எழுதியிருந்த பெயரையும் வெட்டிவிட்டு இவரைப் பார்த்தார். இவர் தலையாட்டினார்.

பிறகு மூன்று வருடத்துக்குக் கிட்ட, குடும்பத்தோடு மெல்பனுக்குப் போகும் வரை, மாதத்தில் இரண்டு ஞாயிறு இவர் வாசித்தார். எல்லாமே எங்கள் வீட்டு அலுமாரிக்கு முன்னால்தான். அம்மா அந்த நாட்களில் தேங்காய் துருவுவதைக் காலையிலேயே முடித்துவிடுவார்.

அன்று கிராண்ட்பாஸிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை, நின்றுகொண்டுதான் வந்தோம். மேல்கம்பியைப் பிடித்தபடி இவர் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். சத்தமான சிரிப்பு. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எ… எங்க போகணுமாம்,” என்று எனக்குச் சொல்ல முயன்று, முடியாமல், மறுபடி சிரித்தார். மனைவி அவருடைய தோளில் தட்டி, “இறங்கிற இடம் வந்திட்டு,” என்றார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்.